பாசன நீரின் இயல்பும் சுண்ணாம்பு நிலத்துச் சோடிய நீக்கமும்

நீர் பாய்ந்தால் நிலம் செழிக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆயினும் பல்லாண்டு நீர் பாய்ச்சப்பட்ட நிலமே சிலவிடங்களில் இறுகி, நீரை உள்வாங்காது, பயிரைக் கைவிடுகின்றது. இதற்குக் காரணம் நீரின் அளவன்று. அதிற் கரைந்துள்ள உப்புக்களின் இயைபேயாம். பேராதனை வளாகத்தை அணைந்து ஓடும் மகாவலியின் நீர் வறண்ட வலய வயல்களையும் ஊட்டுவதால், இவ்விடயம் கண்டியில் வாழும் நமக்கும் உரியதே.

களித்துணிக்கைகள் மறையேற்றம் உடையவை. ஆதலின் நேரேற்றமுள்ள அயன்களைத் தம் மேற்பரப்பிற் பற்றிக்கொள்கின்றன. அவ்வயன்களுட் கல்சியம் மிகுந்திருப்பின் துணிக்கைகள் திரண்டு, காற்றும் நீரும் செல்லத்தக்க துளைகள் அமைகின்றன. சோடியம் மிகின் அவை சிதறித் துளைகளை அடைக்கின்றன. மாற்றீட்டு அயன்களுட் சோடியம் 15 சதவீதத்தை விஞ்சிய நிலத்தைக் களர்நிலமாகக் கொள்ளும் அளவுகோலை, ஐக்கிய அமெரிக்க உவர்மண் ஆய்வுகூடம் 1954இல் வெளியிட்ட கைந்நூல் பரவச் செய்தது.

நீரின் தன்மையை அளக்கச் சோடியப் புறத்துறிஞ்சல் விகிதம் பயன்படும். சோடியத்தின் செறிவை, கல்சிய மகனீசியக் கூட்டுத்தொகையின் அரைவாசியினது வர்க்கமூலத்தால் வகுக்க இவ்விகிதம் பெறப்படும். உதாரணமாக, இலீற்றருக்குச் சோடியம் 16 மில்லிச்சமவலுவும் மற்றையன இரண்டும் சேர்ந்து 8 மில்லிச்சமவலுவும் உள்ள நீரின் விகிதம் 8 ஆகும். அந்நீரோடு மும்மடங்கு தூய நீர் கலப்பின் அளவுகள் முறையே 4, 2 ஆகின்றன; விகிதமோ 4 ஆகக் குறைகின்றது. அதாவது, நீர் ஐதாகுந்தோறும் களி கல்சியத்தை ஏற்றுச் சோடியத்தை விடுவிக்கின்றது. வெயிலில் நீர் ஆவியாகிச் செறியுமாயின் இதற்கு மாறானது நிகழும்.

இனிச் சுண்ணாம்பின் பங்கினை நோக்குவோம். கல்சியங் காபனேற்று தூய நீரில் இலீற்றருக்கு ஏறத்தாழ 14 மில்லிகிராம் அளவே கரையும். வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் காபனீரொட்சைட்டு மண்ணீரிற் கலக்கும்போது அக்கரைதிறன் பன்மடங்காகின்றது. ஐதான நீர் பாயும்போது இவ்வாறு பிறக்கும் கல்சியம் சோடியத்தின் இடத்தைப் பெறுகின்றது. ஆனால் இருகாபனேற்று மிக்க நீர் பாய்ந்து வற்றுமாயின், கல்சியம் சுண்ணாம்பாய்ப் படிய, சோடியமே கரைசலில் எஞ்சும். ஆகவே ஒரே சுண்ணாம்பு நிலம், பாயும் நீருக்கேற்பத் திருந்தவும் கெடவும் கூடும்.

கண்டியை அடுத்த திகன, குண்டசாலைப் பகுதிகளில் சலவைக்கற் படைகள் உள. எனினும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீற்றர் மழை பெய்து கழுவுதலின் இங்கே சோடியம் தேங்குவதில்லை. 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லைத் திசைதிருப்பலால் மகாவலி நீரின் ஒரு பகுதி அம்பன் கங்கைப் பள்ளத்தாக்கைச் சேர்கின்றது. மலைநாட்டின் இந்த ஐதான நீர் வறண்ட வலய மண்ணிலுள்ள சோடியத்தை விடுவிக்க வல்லது. ஆயினும் சுண்ணாம்பில்லாத களர்மண்ணில், கல்சியம் குறைந்த இந்நீரே களியைச் சிதறச் செய்யவுங் கூடும். அன்றியும், விடுபட்ட சோடியம் வடிந்து செல்ல வழியில்லையேல் நிலத்தடி நீர் உயர்ந்து அதனை மீண்டும் வேர்மண்டலத்திற் சேர்க்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலைமை வேறானது. அங்கே சுண்ணக்கல் நிறைய உண்டு. வற்றாத ஆறு இல்லை. கிணறுகளில் அளவுக்கு மீறி இறைக்கும்போது கடல்நீர் உட்புகுகின்றது. கடல்நீரின் ஒரு கிலோகிராமிற் சோடியம் ஏறத்தாழ 10.8 கிராம்; கல்சியம் 0.4 கிராம் மட்டுமே. இந்நீரின் முன் மண்ணிலுள்ள சுண்ணாம்பு ஈடுகொடுக்க மாட்டாது. மாரி மழையே அம்மண்ணைக் கழுவும் ஐதான நீராகும். அதனைத் தேக்கி நிலத்துள் இறக்குவது இன்றியமையாதது.

எனவே, நீரைச் சோதிப்போர் மொத்த உப்பை மட்டும் அளந்து அமையாது, சோடியம், கல்சியம், மகனீசியம், இருகாபனேற்று ஆகிய நான்கையும் அறிதல் வேண்டும். கல்சியம் போதாதவிடத்து, இலீற்றருக்கு 2 கிராமுக்கு மேற் கரையும் ஜிப்சம் துணைபுரியும். வடிகாலும் உடன் அமைதல் வேண்டும். நிலம் இறுகிய பின் திருத்துவதினும், நீரை முன்னரே அறிந்து பாய்ச்சுதல் உழவனுக்கு எளிது.