கட்டளை வரியும் புதிய முனையமும்



கணினியைக் கையாள்வோர் இரு திறத்தினர். திரையிலே தோன்றும் படங்களைச் சுட்டிக் கருமம் முடிப்போர் ஒரு திறத்தினர். கட்டளையைச் சொல்லாகவே எழுதிக் கணினியை ஏவுவோர் மற்றொரு திறத்தினர். பின்னவர்க்கு இன்றியமையாத கருவி முனையம் ஆகும். ஆங்கிலத்தார் இதனை ரேர்மினல் எமுலேற்றர் என்பர். முனையம் போல நடிக்கும் மென்பொருள் என்பது அப்பெயரின் கருத்து. நடிக்கிறது எனின், எதனைப் பார்த்து நடிக்கிறது?

1963ஆம் ஆண்டில் ரெலிரைப் 33 என்னும் பொறி வெளிவந்தது. தட்டச்சுப் பொறியை ஒத்த அது, விநாடிக்குப் பத்து எழுத்துக்களைக் காகிதச் சுருளிலே அச்சிட்டது. 1969இல் பெல் ஆய்வுகூடத்திலே பிறந்த யுனிக்ஸ் இயக்க முறைமையை ஆக்கியோர், இத்தகைய பொறிகளின் வாயிலாகவே கணினியோடு உரையாடினர். 1978இல் டிஜிற்றல் இக்குயிப்மென்ற் கூட்டுத்தாபனம் வி.ரி. 100 என்னும் முனையத்தை வெளியிட்டது. காகிதம் இருந்த இடத்திற் கண்ணாடித் திரை வந்தது. வழக்கமாக 80 நிரலும் 24 நிரையும் கொண்ட அத்திரை, சதுரங்கப் பலகை போலக் கட்டங்களாய் வகுக்கப்பட்டிருந்தது. கட்டத்திற்கு ஓர் எழுத்து என்பதே அதன் விதி.

எழுத்துக்களோடு ஏவற் குறிகளும் அதே கம்பி வழியாக வந்தன. 27 என்னும் இலக்கமுடைய குறி வந்தால், அதனைத் தொடர்ந்து வருவது காட்டுதற்குரியதன்று, செய்தற்குரியது என முனையம் உணர்ந்துகொள்ளும். திரையைத் துடை, இன்ன நிரையின் இன்ன நிரலுக்குச் செல் என்றவாறு அக்குறிகள் ஏவும். அப்பொறிகளின் காலம் முடிந்துவிட்டது. ஆயினும் அவற்றின் மொழி முடியவில்லை. 1984இல் தோன்றிய எக்ஸ்ரேர்ம் முதல், 2024 டிசெம்பரில் முதற் பதிப்புக் கண்ட கோஸ்ற்றி வரை, முனைய மென்பொருள்கள் யாவும் அம்மொழியையே பேசுகின்றன. அதனைக் கைவிட்டால், பல்லாண்டுகளாக எழுதப்பட்ட நிரல்கள் ஊமையாகிவிடும்.

அங்ஙனமாயின் புதிய முனையத்திற் புதுமை யாது? முதலாவது, வேகம். அச்சுக்கூடத்திலே ஓர் எழுத்தை ஒருமுறை ஈயத்தில் வார்த்துவிட்டால், பிறகு வேண்டியபோதெல்லாம் எடுத்துக் கோக்கலாம். 2017இல் அறிமுகமான அலக்றிற்றி போன்ற முனையங்கள் இதனையே செய்கின்றன. எழுத்தின் வடிவை ஒருமுறை வரைந்து, வரைவியற் செயலியின் நினைவகத்திலே சேர்த்து வைத்து, வேண்டிய கட்டங்களிற் பதிக்கின்றன. ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும்போதும் திரை தடுமாறுவதில்லை.

இரண்டாவது, காவல். பிறரிடமிருந்து பெற்ற கட்டளையை அப்படியே ஒட்டும்போது, அதனுள் மறைந்திருக்கும் வரிமுடிவு, நாம் படித்துப் பார்க்கும் முன்னரே கட்டளையை நிறைவேற்றிவிடக்கூடும். இக்கால முனையம், ஒட்டப்பட்ட பகுதியின் முன்னும் பின்னும் அடையாளக் குறி இடும். இது கையால் எழுதப்பட்டதன்று என அறிந்த கட்டளை ஏற்பி, பயனர் தாமே சாவியை அழுத்தும் வரை பொறுத்திருக்கும்.

இனி, தமிழர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. கட்டத்திற்கு ஓர் எழுத்து என்னும் பழைய விதி ஆங்கிலத்திற்குப் பொருந்தும். சீன எழுத்துக்கு இரண்டு கட்டம் என வகுத்துவிட்டனர். தமிழுக்கு எத்தனை கட்டம்? யுனிகோட் அட்டவணையிலே, 'கி' என்பதில் வரும் இகரக் குறி இடங்கொள்ளும் குறியாகவும், 'கீ' என்பதில் வரும் ஈகாரக் குறி இடங்கொள்ளாக் குறியாகவும் வகுக்கப்பட்டுள்ளன. இவ்வகுப்பை நம்பிக் கட்டங்களை எண்ணும் மென்பொருள், 'கி' என்பதற்கு இரண்டு கட்டமும் 'கீ' என்பதற்கு ஒரு கட்டமும் அளிக்கும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று கற்ற நமக்கு இது தலைகீழ்ப் பாடம் அன்றோ!

இதன் விளைவு கண்ணுக்கு மாத்திரம் அன்று, கருமத்துக்கும் கேடு. எழுத்துக் கோப்பைத் திருத்தும் நிரல் ஒரு கணக்கும், முனையம் வேறொரு கணக்கும் வைத்திருந்தால், சுட்டுக்குறி ஓரிடத்தில் நிற்கும், திருத்தம் வேறோரிடத்தில் நிகழும். நாம் அழிக்க எண்ணிய எழுத்து நிற்க, அழிக்க எண்ணாத எழுத்து மறையும். தமிழிற் பெயரிட்ட கோப்புக்களை வைத்திருப்போர் அவற்றைக் கட்டளை வரியிற் கையாளத் தயங்குவதும், ஆங்கிலப் பெயரே நலம் என ஒதுங்குவதும் இதனாலேயே.

பரிகாரம் இல்லாமல் இல்லை. குறிகளைத் தனித்தனியே எண்ணாது, உயிர்மெய் முழுவதையும் ஓரலகாகக் கொண்டு எண்ணும் முறை யுனிகோட் நெறியிலே உண்டு. கிற்றி, கோஸ்ற்றி முதலிய புதிய முனையங்கள் அவ்வழியிற் செல்கின்றன. எனினும் முனையம் மட்டும் திருந்தினாற் போதாது. அதனுள் ஓடும் நிரல்களும் அதே கணக்கை ஏற்றல் வேண்டும்.

ஆதலால், புதிய முனையமொன்றைத் தெரிந்தெடுக்க விரும்புவோர் அதன் வேகத்தை மட்டும் பார்த்து அமையாது, 'கிளி', 'கீரி', 'கொக்கு' என மூன்று சொற்களை எழுதி, சுட்டுக்குறியை முன்னும் பின்னும் நகர்த்தி, இடையில் ஓர் எழுத்தை அழித்துப் பார்ப்பாராக. பிழை கண்டால் அதனை ஆக்கியோருக்கு எழுதித் தெரிவிப்பாராக. நாம் சொல்லாத குறையைப் பிறர் தாமாக அறிந்து தீர்ப்பார் என எதிர்பார்த்தல் முறையாகாது.