ஏலம் கேட்டு இழுத்தடிக்கும் ஆசாமிகள்! பணம் வரும்முன் மூட்டையை நகர்த்தாதீர்!!

சேலம்--

ஏலம் முடிந்தது. நல்ல விலை கிடைத்தது. மூட்டையும் போய்விட்டது. பணம்தான் வரவில்லை!

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மஞ்சள், பருத்தி, தேங்காய்ப் பருப்பு, சேலை, கொலுசு என்று எதை விற்றாலும், விற்பவர்களை வாட்டும் நோய் இதுதான். விலை கேட்கும்போது வாங்குகிறவர் முதல் ஆளாக நிற்பார். அடுத்தவரை முந்திக்கொண்டு விலையைக் கூட்டுவார். சரக்கு கைக்குப் போனதும் போனையே எடுக்க மாட்டார்!

முன்பு மண்டியில் நேருக்கு நேர் நடந்த இந்தக் கூத்து இப்போது செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் நடக்கிறது. முன்பாவது ஆளைத் தேடிப்போய்க் கடை வாசலில் குந்தலாம். ஆன்லைன் ஏலத்தில் வாங்கியவர் எந்த ஊர்க்காரர் என்பதே பல பேருக்குத் தெரியாது.

ஆனால் இதே சீமையில், பணம் கட்டாமல் சரக்கை எடுக்க முடியாதபடி விதி வகுத்த ஏலக் களங்களும் இருக்கின்றன. அங்கே நடக்கும் முறையைத் தெரிந்துகொண்டால், வீட்டில் இருந்து செல்போனில் விற்கிறவரும் ஏமாறாமல் தப்பலாம்.

மாதம் ரெண்டாயிரம் நஷ்டம்!

"பணம் எங்கே போயிடும்? இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வருது" என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. இது தப்புக் கணக்கு!

மஞ்சள் ஏறக்குறைய ஒன்பது மாதப் பயிர். நட்டு, களை எடுத்து, வெட்டி, வேகவைத்து, காயவைத்து, பாலீஷ் போட்டுத்தான் சந்தைக்கு வருகிறது. அதற்குள் உரக்கடை பாக்கி, ஆள் கூலி, நகை அடகு என்று கடன் கழுத்துவரை ஏறிவிடும்.

பத்துக் குவிண்டால் மஞ்சள், குவிண்டால் பத்தாயிரம் ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒரு லட்சம். வாங்கியவர் பணம் தராமல் இழுக்கிறார். விற்றவரோ நூற்றுக்கு ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கி இருக்கிறார். மாதம் 2,000 ரூபாய் வட்டி! நாலு மாதம் இழுத்தால் 8,000 ரூபாய் போச்சு!

அதாவது குவிண்டாலுக்கு 800 ரூபாய் குறைத்து விற்றதற்குச் சமம். ஏலத்தில் ஐம்பது ரூபாய் கூடக் கிடைத்ததென்று சந்தோஷப்பட்டவர், பின்னால் எண்ணூறு ரூபாயைக் கோட்டைவிடுகிறார்!

துண்டுக்குள் விரல்

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவது பழைய வழக்கம். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது. மண்டிகளிலும் விலை ஒரு பக்கம், தரகு ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம் என்று போய், மிச்சம் எப்போது வரும் என்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது.

இதைத் தடுக்கத்தான் சட்டங்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் 1933-ல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. பிறகு 1959-ல் ஒரு சட்டம், 1987-ல் ஒரு சட்டம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் இந்த வழியில் வந்தவைதான். சரியான எடை, போட்டி விலை, கையில் பணம். இந்த மூன்றும்தான் நோக்கம்.

ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. சரக்கை வைக்க இடமில்லை. தனியாரிடம் அதிக வட்டிக்குக் கடன். அதனால் இடைத்தரகர் சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நிலைமை! இதற்கு முடிவுகட்டத்தான் 1981-ல் சேலத்தில் "சேகோசர்வ்" என்னும் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவானது. சரக்கைக் கிடங்கில் வைத்து, மாதிரியைக் காட்டி, வியாபாரிகளைப் போட்டி போட வைத்து விற்கும் முறை வந்தது.

கம்ப்யூட்டர் ஏலம்

2016-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி மத்திய அரசு "இ-நாம்" எனப்படும் தேசிய மின்னணு வேளாண் சந்தையைத் தொடங்கியது. தமிழ்நாட்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களும் படிப்படியாக இதில் சேர்ந்தன. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரில் தேங்காய்ப் பருப்பு இந்த முறையில் ஏலம் போகிறது.

விவசாயி சரக்கோடு வந்ததும் வாசலிலேயே பதிவு. சரக்குக் குவியலுக்கு ஒரு நம்பர். ஈரப்பதமும் தரமும் பார்க்கிறார்கள். லைசென்ஸ் உள்ள வியாபாரிகள் மட்டுமே விலை கேட்க முடியும். அடுத்தவர் கேட்ட விலை இவருக்குத் தெரியாது. அதிக விலை கேட்டவருக்குக் கொடுப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்வது விவசாயி!

அதன் பிறகு எடை, பில், பணம். வாங்கியவர் கட்டும் பணம் விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கடைசியில்தான் சரக்கு வெளியேற வேண்டும்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆளைப் பதிவு செய்கிறார்கள். விலையை எழுத்தில் வைக்கிறார்கள். பணத்துக்குப் பின்னால் சரக்கு போகிறது. சரக்குக்குப் பின்னால் விவசாயி அலைவதில்லை!

விலை பிடிக்காவிட்டால் அவசரப்பட்டு விற்கவும் தேவையில்லை. விற்பனைக் கூடத்துக் கிடங்கில் 180 நாள் வரை இருப்பு வைத்து, அதன்மேல் பொருளீட்டுக் கடன் வாங்கும் வசதி இருக்கிறது. கையில் கொஞ்சம் காசு இருந்தால், "கடனுக்குக் கொடுங்க" என்று கேட்பவரிடம் தைரியமாக "முடியாதுங்க" என்று சொல்லலாம்.

பாங்கிக்காரர் தந்திரம்

கடன் கட்டாதவர்களின் வீடு, நிலத்தை பாங்குகள் ஏலம் விடுகின்றன. இந்த ஏலமும் இப்போது ஆன்லைனில்தான். அங்கே யாரும் வாய்ச்சொல்லை நம்புவதில்லை.

முன்பணம் கட்டியவர்தான் ஏலம் கேட்கலாம். ஏலம் கிடைத்தால் அன்றே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள், முன்பணத்தோடு சேர்த்து 25 சதவீதம் கட்டியாக வேண்டும். விற்பனை உறுதியான 15 நாளுக்குள் மீதிப் பணம். எழுத்து மூலம் தவணை வாங்கினால் மூன்று மாதம் வரை நீளலாம். அதற்கும் கட்டாவிட்டால், கட்டிய பணம் பறிபோகும். சொத்து மறுபடி ஏலத்துக்கு வந்துவிடும்!

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 1995-ல் தொடங்கிய "இ-பே" ஏலக் கம்பெனியில், ஏலம் எடுத்தவர் நாலு நாளில் பணம் கட்டாவிட்டால் விற்றவர் விற்பனையை ரத்து செய்யலாம். பணம் கட்டாதவர் கணக்கில் அது கரும்புள்ளியாகப் பதிவாகும். இந்தக் கம்பெனி 2017 ஆகஸ்டு வரை இந்தியாவிலும் தனியாக இணையதளம் நடத்தியது. அங்கே "பைசா-பே" முறையில் வாங்குகிறவர் முதலில் பணத்தைக் கம்பெனியிடம் கட்ட வேண்டும். அதன் பிறகே சரக்கு கிளம்பும்.

வாட்ஸ்-அப் வியாபாரம்

இளம்பிள்ளை சேலையோ, சேலத்து வெள்ளிக் கொலுசோ, வாட்ஸ்-அப்பில் படம் போட்டு "யார் அதிகம் கேட்கிறீங்க?" என்று விற்கிறவர்கள்தான் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இங்கே விற்பனைக் கூடமும் இல்லை, சூப்பிரண்டும் இல்லை. விற்பவரேதான் எல்லாம்!

இழுத்தடிப்பவர்களில் பல ரகம் உண்டு.

ஒருவர் ஆசையில் கேட்டுவிட்டுப் பிறகு மனசு மாறியவர். "ஊர்ல இல்லைங்க" என்பார்.

இன்னொருவர் உண்மையிலேயே பண முடையில் இருப்பவர். "வெள்ளிக்கிழமை போட்டுடறேனுங்க" என்பார். கொஞ்சம் பொறுத்தால் கொடுத்துவிடுவார்.

மூன்றாவது ரகம்தான் ஆபத்து! பணம் அனுப்பிவிட்டதாகப் போலி ரசீதுப் படத்தைக் காட்டிச் சரக்கை அமுக்கப் பார்க்கும் பேர்வழி. "ரசீது அனுப்பிட்டேனே, பார்சலைப் போடுங்க" என்று அவசரப்படுத்துவார். படம் வந்தால் போதாது. பாங்குக் கணக்கில் ஏறி இருக்கிறதா என்று விற்றவரே திறந்து பார்க்க வேண்டும்.

"பணம் அனுப்ப க்யூ.ஆர். கோடு தர்றேன், ஸ்கேன் பண்ணி ரகசிய நம்பரைப் போடுங்க" என்று யாராவது சொன்னால் அது மோசடி! பணம் வாங்குவதற்கு ரகசிய நம்பரே தேவையில்லை. போட்டால் நம் பணம்தான் போகும். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் திருடனுக்கு லாபம்!

கெடு வையுங்கள்

ஏலம் தொடங்கும் முன்பே நிபந்தனையை எழுதிப் போட்டுவிட வேண்டும். முன்பணம் எவ்வளவு, மீதி எத்தனை நாளில், தவறினால் என்ன என்று மூன்று வரி போதும். முடிந்த பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.

முதல் நாள் விலையையும் கெடுவையும் எழுதி அனுப்ப வேண்டும். கெடு தாண்டினால் ஒரு போன். பேசியதை உடனே எழுத்திலும் அனுப்ப வேண்டும். வசவு வேண்டாம். வாயை விட்டால் நியாயம் அவர் பக்கம் போய்விடும்.

அப்புறமும் வராவிட்டால், "இத்தனையாம் தேதிக்குள் பணம் வராவிட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவேன்" என்று கடைசி நோட்டீஸ். பிறகு அடுத்த விலை கேட்டவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

இந்த நோட்டீஸ் வெறும் சம்பிரதாயம் அல்ல. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, கடன் பேச்சு இல்லாத விற்பனையில் பணம் வராதவரை சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்ள விற்றவருக்கு உரிமை உண்டு. நோட்டீஸ் கொடுத்து, நியாயமான அவகாசம் தந்து, மறுபடி விற்றதில் விலை குறைந்தால் அந்த நஷ்டத்தை முதலில் கேட்டவரிடம் வசூலிக்கலாம். நோட்டீஸ் கொடுக்காமல் விற்றால் நஷ்டம் கேட்க முடியாது. லாபம் வந்தால்கூட அது முதலில் வாங்கியவருக்குச் சேர வேண்டியது என்கிறது சட்டம்! அழுகும் பொருளுக்கு மட்டும் நோட்டீஸ் தேவையில்லை.

வெளியூருக்கு லாரியில் அனுப்புகிற வியாபாரிகள் கையாளும் பழைய உபாயம் ஒன்று உண்டு. சரக்கைத் தன் பெயருக்கே "செல்ப்" புக்கிங் செய்து, லாரி ரசீதை பாங்கு மூலம் அனுப்புவார்கள். வாங்குகிறவர் பாங்கில் பணம் கட்டினால்தான் ரசீது கைக்கு வரும். ரசீது இருந்தால்தான் சரக்கு!

சரக்கு போய்விட்டதா?

சரக்கு போய்விட்ட பிறகும் வழி இருக்கிறது.

சிறு தொழில் செய்து "உத்யம்" பதிவு வைத்திருப்பவர்களுக்கு 2006-ம் ஆண்டுச் சட்டம் கைகொடுக்கிறது. வாங்கியவர் எழுத்தில் பேசிய நாளுக்குள் பணம் தர வேண்டும். எப்படிப் பேசினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி! மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் முறையீட்டுக்கு வழி சொல்வார்கள். சரக்கு அனுப்பும் முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும், விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயிகளுக்கும் இந்தச் சட்டம் உதவாது.

செக் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால், திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போகலாம். இரண்டு ஆண்டு வரை ஜெயில் தண்டனை கிடைக்கும் குற்றம் இது. நாளைக் கோட்டைவிட்டால் வழக்கு பலவீனமாகிவிடும்.

போலீசுக்குப் போகலாமா? வெறும் தாமதம் என்றால் "சிவில் வழக்கு, கோர்ட்டுக்குப் போங்க" என்றுதான் சொல்வார்கள். தொடக்கத்திலேயே ஏமாற்றும் நோக்கத்தோடு வாங்கியது தெரிந்தால் மட்டுமே மோசடி வழக்கு. பழைய "420"-க்குப் பதிலாக, 2024 ஜூலை 1-ந் தேதி முதல் புதிய சட்டத்தின் 318-வது பிரிவு. கோர்ட்டில் பணம் கேட்டு வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம். ரசீது, மெசேஜ், எடைச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

ஆனால் கோர்ட்டு வாசலில் ஏறி இறங்கும் நாளெல்லாம் காட்டு வேலை கெடும், கடை மூடிக் கிடக்கும். வக்கீல் பீசு தனி!

திருச்செங்கோட்டிலும் நாமகிரிப்பேட்டையிலும் மஞ்சள் ஏலம் நடக்கும் நாளில், மூட்டைப் பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்கும் விவசாயிகளைப் பார்க்கலாம். சரக்கு கண்முன்னால் இருக்கிறவரை பேச்சு அவர்கள் கையில். லாரி ஏறிவிட்டால் பேச்சு வாங்கியவர் கையில்!

மூட்டைக்குப் பக்கத்தில் நின்றாலும் சரி, செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் சரி, கணக்கில் பணம் ஏறிய பிறகுதான் அது விற்ற சரக்கு. அதுவரை அது நம்ம சரக்கு!