ஏரியை விரட்டிய தலைநகரம்

மெக்சிகோ நகரத்தில் 'சுதந்திர தேவதை' என்றொரு நினைவுத்தூண் இருக்கிறது. 1910-ல் திறந்தபோது இருந்த படிகள் பின்னாளில் போதவில்லை. கீழே மேலும் 14 படிகள் கட்ட வேண்டியதாயிற்று. தூண் வளரவில்லை. ஆழமான அஸ்திவாரத்தால் அது நின்ற இடத்திலேயே நிற்க, சுற்றியிருந்த சாலை கீழே இறங்கிவிட்டது.

காரணம், நகரமே ஓர் ஏரிப் படுகையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு அது. இறங்கும் மழைநீர் வெளியேற வழியில்லாமல் ஏரிகளாகத் தேங்கியது. அங்கே ஒரு தீவில் அஸ்டெக்குகள் எழுப்பிய தலைநகரம் தெனோச்டிட்லான். ஆழமில்லாத நீரில் சேற்றைக் குவித்து, ஓரத்தில் மரம் நட்டு, 'சினாம்பா' என்னும் திட்டுகளில் மக்காச்சோளமும் காய்கறியும் விளைவித்தார்கள். நகரின் தெற்கே சோச்சிமில்கோவில் இந்தச் சாகுபடி இன்றும் நடக்கிறது.

1521-ல் கோர்ட்டெஸின் ஸ்பானியப் படை நகரைப் பிடித்து இடித்தது. புதுத் தலைநகரை மேட்டு நிலத்தில் கட்டியிருக்கலாம். ஆனால் பழைய அரசர்கள் ஆண்ட இடத்திலேயே புதிய ஆட்சியும் கொலுவிருக்க வேண்டும் என்பது அரசியல் கணக்கு. கோயில் கற்கள் மாதாகோயிலுக்குப் போயின. ஏரியோ சும்மா இருக்கவில்லை. 1629-ல் புகுந்த வெள்ளம் வடிய ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆயின. நகரை வேறிடத்துக்கு மாற்றலாம் என்ற பேச்சு எழுந்தது. மாளிகையிலும் மடத்திலும் போட்ட முதலீட்டை விட்டுவிட்டுப் போக யாருக்கு மனம் வரும்? ஏரியை வடிப்பதே கொள்கையாக நிலைத்தது. ஏரி போனபின் நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். களிமண் இறுகி, இப்போது சில பகுதிகள் ஆண்டுக்கு 50 சென்டிமீட்டர் வரை தாழ்கின்றன.

1910-ல் வெடித்த புரட்சிக்குப் பிறகு வந்த அரசுகள் பொதுச் சுவர்களை ஓவியர்களிடம் கொடுத்தன. அவர்களில் தியகோ ரிவேரா, தேசிய மாளிகைச் சுவரில் அந்தப் பழைய ஏரி நகரத்தையே தீட்டினார். 1951-ல் அவர் செய்தது இன்னும் விசித்திரம். லெர்மா ஆற்றுப் படுகையிலிருந்து குடிநீர் கொண்டுவந்த திட்டத்துக்காக, சப்புல்தெபெக் பூங்காவின் நீர்த்தொட்டிக்குள்ளேயே ஓவியம் வரைந்தார். அதன்மேல் தண்ணீர் ஓடியது. வண்ணம் அழியவே, பிற்பாடு தண்ணீரை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள்.

1985 செப்டம்பர் 19 காலை வந்த நிலநடுக்கத்தின் மையம் வெகுதொலைவில், பசிபிக் கரையில் இருந்தது. ஆனாலும் ஏரிப் படுகையின் இளகிய மண் அதிர்வைப் பெருக்கி, தலைநகரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அரசு தடுமாறி நிற்க, அக்கம்பக்கத்தாரே வெறுங்கையால் இடிபாட்டைத் தோண்டினார்கள். அப்படித் தோண்டிய இளைஞர்களிலிருந்து உருவான 'தோப்போஸ்' (அகழெலிகள்) மீட்புக் குழு பிறகு வெளிநாடுகளுக்கும் போயிருக்கிறது. இடிந்த தையல் ஆலைகளில் முதலாளிகள் ஆட்களுக்கு முன்னால் இயந்திரங்களை மீட்டார்கள் என்று கொதித்த பெண்கள், 'செப்டம்பர் 19' என்ற பெயரிலேயே தொழிற்சங்கம் தொடங்கினார்கள். மறு ஆண்டு உலகக் கோப்பைத் தொடக்க விழாவில் அதிபர் மிகேல் தெ லா மத்ரீதுக்கு மைதானம் முழுக்கக் கூச்சல்தான் வரவேற்பு.

அந்தக் கோபத்துக்கு 1987-ல் ஒரு முகமூடியும் கிடைத்தது. மல்யுத்த வீரர்களின் பாணியில் சிவப்பும் மஞ்சளும் உடுத்திய 'சூப்பர்பாரியோ', வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் எதிராகக் குடியிருப்போர் பக்கம் போய் நின்றார். சினிமாவில் பேய்களோடு மோதிய முகமூடி வீரர்களைக் கண்டு வளர்ந்த ஊர் அது. வாடகைப் பிரச்சினைக்கும் ஒரு வீரர் வந்ததில் யாருக்கும் வியப்பில்லை. 1985-ன் நினைவாக ஆண்டுதோறும் செப்டம்பர் 19-ல் நிலநடுக்க ஒத்திகை நடத்துவது வழக்கமானது. 2017-ல் ஒத்திகை முடிந்த இரண்டே மணி நேரத்தில் நிஜமாகவே பூமி குலுங்கியது! இடிபாட்டுக்குள் குரல் கேட்கிறதா என்று அறிய மீட்பாளர்கள் முஷ்டியை உயர்த்துவார்கள். உடனே தெருவே மௌனமாகும்.

ஏரியின் கதையும் முடியவில்லை. வற்றிய தெஸ்கோகோ ஏரிப் படுகையில் விமான நிலையம் கட்டும் முதல் திட்டத்தை, 2002-ல் ஆத்தென்கோ விவசாயிகள் வெட்டுக்கத்தியோடு போராடித் தடுத்தார்கள். அதே படுகையில் பின்னர் தொடங்கிய இரண்டாவது திட்டத்தை லோபெஸ் ஒப்ரதோர் 2018-ல் அதிபரானதும் கைவிட்டார். அங்கே 2024-ல் ஏரிப் பூங்கா திறக்கப்பட்டது. நகரின் கிழக்கே இஸ்தபலாபாவில் பல வீடுகளுக்கு இன்னும் முறைவைத்துத்தான் குழாயில் தண்ணீர். மற்ற நாட்களில் லாரித் தண்ணீர்.