வீழ்ந்தவன் எங்கே அமர்வது?

சீட்டாட்டமென்றாலே முகஞ்சுழிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்களும் ஒரு கணம் பொறுத்தருள்க. ஆட்டத்தினின்று வீழ்ந்தவனை எஞ்சியோர் என்ன செய்வது என்பதே என் கேள்வி.

இறம்பொடைத் தோட்டத்து லயங்களில் மழைநாளில் நான் கண்ட ‘கழுதை’ ஆட்டம் இதற்கொரு விடை வைத்திருக்கிறது. கைச்சீட்டுத் தீர்ந்தவன் அங்கே வென்றவன், மகிழ்ந்தே எழுகிறான். கடைசிவரை சீட்டைச் சுமப்பவனே கழுதை. யாழ்ப்பாணத்தார் விரும்பும் 304 ஆட்டத்திலோ இருவர் இருவராய்க் கட்சி சேர்வதால் எவரும் இடையில் எழ வேண்டியதில்லை.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இயற்றி, 1993இல் வெளிவந்த ‘மேஜிக்’ வேறுவகையது. அவரவர் சேர்த்த சீட்டுகளையே அவரவர் கொணர்வர். பலர் கூடி ஆடுங்கால் ஒருவன் வீழ்ந்தால் அவனுக்குரிய சீட்டுகள் யாவும், பிறர் வசமிருப்பினும், அவனோடே வெளியேறும். விதி செவ்விதே, ஆனால் முதலில் வீழ்ந்தவன் நெடுநேரம் சுவரைப் பார்த்திருக்க நேரும்!

1994இல் வெளிவந்த அவரது ‘வாம்பயர்’ ஆட்டம் இக்குறையை ஓரளவு உணர்ந்தது. இடப்புறத்தானை வீழ்த்துவதே ஒவ்வொருவர் குறி. வீழ்த்தினால் ஒரு வெற்றிப்புள்ளி. புள்ளி மிகுந்தவரே வெல்வதால், இருவரை வீழ்த்திப் பின் தானும் வீழ்ந்தவன் வெல்லவுங் கூடும். ஆயினும் அதுவரை அவன் வெறுங்கையன்தானே?

என் மாணவர் ஐவர் இத்தகைய ஆட்டமொன்றைக் கொணர்ந்தபோது, வீழ்ந்தவரைக் கணக்கெழுத அமர்த்துக என்றேன். முதலில் வீழ்ந்தவள் ஒரு சிறுமி. அவள் ஏட்டைப் பார்த்தே மற்ற நால்வரும் சச்சரவைத் தீர்த்துக்கொண்டனர்.