விஷ்ணுபுரம்: காவிய மிகுபுனைவின் நிறைகளும் குறைகளும்

முன்னுரை

தமிழ் நாவலில் யதார்த்தவாதம் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது. 1997இல் வெளிவந்த ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ அப்போக்கிலிருந்து விலகி, கற்பனையான கோயில் நகரம் ஒன்றின் மேன்மையையும் வீழ்ச்சியையும் அழிவையும் காவிய அளவில் புனைந்தது. இந்நாவலின் நிறைகுறைகளைத் தமிழ்க் காப்பிய மரபின் பின்னணியில் வைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டமைப்பு

நாவல் ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்னும் மூன்று பகுதிகளை உடையது. பள்ளிகொண்ட மூலவரின் அடி, மார்பு, முடி ஆகியவற்றை இப்பெயர்கள் குறிக்கின்றன. இறையுருவை அடிமுதல் முடிவரை பாடும் பாதாதிகேச மரபு இங்கு நாவலின் சட்டகமாகியுள்ளது. காலம் நேர்வரிசையில் செல்வதில்லை. ஒரு பகுதியில் சதையும் குருதியுமாக வாழ்ந்தவர்கள் மற்றொரு பகுதியில் தொன்மங்களாக நினைக்கப்படுகின்றனர். வரலாறு புராணமாகத் திரியும் முறையை வாசகர் நேரில் காண இவ்வமைப்பு வழிசெய்கிறது. வைதிகர் விஷ்ணுவாக வழிபடும் உருவத்தை மலைக்குடிகள் தம் மூதாதையாகக் கருதுவது, கோயில் அதிகாரத்தின் தோற்றத்தையே வினாவுக்கு உட்படுத்துகிறது. நாவலின் தலையாய வலிமை இதுவே.

தருக்கம்

கௌஸ்துபம் பகுதியில் பௌத்தனான அஜிதனுக்கும் வைதிகரான பவதத்தருக்கும் இடையிலான வாதம் மையம் பெறுகிறது. மணிமேகலையின் ‘சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை’, நீலகேசி ஆகியவற்றோடு ஒப்புநோக்கத்தக்க பகுதி இது. அந்நூல்களில் எந்தச் சமயம் வெல்லும் என்பது முன்னரே முடிவானது. நாவலிலோ வென்ற தத்துவமும் காலப்போக்கில் அதிகாரமாக இறுகுகிறது, வெற்றியே ஐயத்திற்குரியதாகிறது. காப்பிய மரபை இந்நாவல் கடந்து செல்லும் இடம் இது.

குறைகள்

இவ்வலிமைகளின் மறுபக்கமாகவே குறைகளும் அமைகின்றன. வாதம் நீளும்போது கதையோட்டம் தேங்குகிறது. வெவ்வேறு தரிசனங்களைச் சார்ந்தோர் பேசினும் அவர்தம் மொழிநடை பெரிதும் ஒன்றாகவே ஒலிக்கிறது. வடசொற்களின் செறிவு, தத்துவப் பயிற்சியற்ற வாசகரை விலக்கி நிறுத்துகிறது. மாந்தர் பெருக்கத்தால் சிலர் கருத்துகளின் உருவகங்களாகவே எஞ்சுகின்றனர்.

இவற்றினும் முதன்மையான குறை பெண் பாத்திரங்களின் இடமாகும். மணிமேகலை சமயவாதிகளின் திறம் கேட்டு ஆராய்பவள். நீலகேசியும் குண்டலகேசியும் வாதிடும் பெண்கள். அம்மரபின் வழிவரும் நாவலில் ஞானத் தேடலின் மையத்தில் நிற்போர் ஆண்களே. பெண்கள் பெரும்பாலும் அத்தேடலின் தூண்டுதலாகவோ தடையாகவோ அமைகின்றனர். சித்திரிக்கப்படும் சமூகத்தின் இயல்பு அது எனலாம். எனினும், வரலாற்றின் கட்டிலிருந்து விடுபடும் உரிமை மிகுபுனைவுக்கு உண்டு. அவ்வுரிமையை இந்நாவல் இங்குப் பயன்படுத்தவில்லை.

முடிவுரை

விஷ்ணுபுரம் காப்பிய மரபின் சட்டகத்தையும் தருக்கத்தையும் புதுப்பித்துள்ளது. ஆனால் வாதிடும் பெண்ணை அம்மரபிலிருந்து பெறத் தவறியுள்ளது. ஆகவே, அதன் நிறைகுறைகளை மேலைக் கோட்பாடுகளால் மட்டுமன்றி, தமிழ்ச் சமயக் காப்பியங்களை அளவுகோலாகக் கொண்டும் ஆராய்தல் பொருத்தமுடையதாகும்.