காப்புநிலை: ஒரு கலைச்சொல் விளக்கம்

பொருளின் இயல்பை அறிந்த பின்னரே அதற்குப் பெயரிடுதல் வேண்டும். தானியங்கிக் கியர் அமைந்த கார்கள் பழுதுற்றபோது ஒரே கியரில் மெல்லச் செல்லும் நிலையை ஆங்கிலத்தில் 'லிம்ப் மோடு' என்பர். நொண்டும் நிலை என்பது அதன் பொருள். இப்பெயர் வண்டியின் தோற்றத்தைக் காட்டுகின்றதேயன்றி, அதன் காரணத்தைக் காட்டவில்லை. அக்காரணம் யாதென ஈண்டு ஆராய்வோம்.

தானியங்கிக் கியர்ப் பெட்டியினுள் பற்சக்கரத் தொகுதிகளைப் பிணைப்பன கிளட்சுகள். அவற்றை இயக்குவது எண்ணெயின் அழுத்தம். எண்ணெய் எக்கிளட்சுகளை அடைகின்றதோ அதற்கேற்பக் கியர் அமையும். 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் இடம்பெற்ற ஹைட்ராமேட்டிக் பெட்டியில் எண்ணெயின் வழியை எண்ணெயழுத்தமே வகுத்தது. பிற்காலத்தில் அப்பணி மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு உரியதாயிற்று. சோலினாய்டு எனப்படும் மின்காந்த வால்வுகளால் அது வழிகளைத் திறக்கும்; மூடும்.

உட்புகும் தண்டு, வெளிச்செல்லும் தண்டு ஆகியவற்றின் சுழற்சி வேகங்களை உணரிகள் அளந்து கூறும். அவற்றின் விகிதம் கட்டளையிட்ட கியருக்கு ஒவ்வாதாயின், கிளட்சு வழுக்குகின்றது என்றோ உணரி பிழைபட்டது என்றோ கருவி கொள்ளும். உடனே வால்வுகளுக்குரிய மின்னோட்டத்தைத் துண்டித்துவிடும். மின்னிழந்த வால்வுகள் இயல்பு நிலைக்கு மீளும். அந்நிலையில் ஒரு கியர் தானே பொருந்துமாறு வடிவமைப்போர் முன்னரே வகுத்துள்ளனர். 1989-இல் வெளிவந்த கிரைஸ்லர் ஏ-604 பெட்டியில் அஃது இரண்டாம் கியர். முதற்கியராயின் விரைந்து செல்லும் வண்டியில் எஞ்சின் அளவு கடந்து சுழலும். உயர்கியராயின் நின்ற வண்டி எளிதிற் புறப்படாது. ஓட்டுநரின் நெம்புகோலோடு இணைந்த வால்வு மின்னை வேண்டாமையின் பின்செல்லும் கியரும் எஞ்சும்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கட்டுப்பாட்டுக் கருவியே செயலிழப்பினும், அதன் மின்கம்பி அறுபடினும், இதே கியர்தான் அமையும். காத்தற்குத் தனிக்கட்டளை வேண்டுவதில்லை; கட்டளை இல்லாமையே காப்பாகின்றது. எனவே 'காப்புநிலை' என்பதே பொருந்திய காரணப்பெயராம்.

இது வெறுஞ்சொல்லாராய்ச்சி அன்று. எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கினால் பல வண்டிகளில் எல்லாக் கியர்களும் திரும்பும். நொண்டலை மட்டும் கண்டவர் பழுது தீர்ந்ததென மகிழ்ந்து நெடுந்தொலைவு செல்வர். வழுக்கும் கிளட்சோ தேய்ந்து எரியும். காப்பு என்று அறிந்தவர், எதனின்று காத்தது என வினவிப் பழுதுநீக்குவோரை நாடுவர்.