இரு மந்திரிகளும் ஒற்றைக் குதிரையும்

சதுரங்க ஆட்டத்தின் இறுதியில் ஒரு பக்கத்தில் அரசனும் இரு மந்திரிகளும், மறுபக்கத்தில் அரசனும் ஒரு குதிரையும் மாத்திரமே எஞ்சி நிற்கின்றன என்க. காலாட்கள் எவையும் இல்லை. ஈண்டு மந்திரி எனப்படுவது, மூலைவாட்டாகச் செல்லும் பிஷப் என்னும் காயாகும். இந்நிலையில் மந்திரிகளை உடையவர் வெல்ல முடியுமா என்னும் வினா, நூற்றாண்டுக்கு மேலாக அறிஞரை ஏமாற்றி வந்தது.

1851ஆம் ஆண்டு லண்டனில் கிளிங், ஹோர்விட்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட நூலில் ஓர் அரண் காட்டப்பட்டது. பலகையின் மூலையிலிருந்து மூலைவாட்டாக ஒரு கட்டம் உள்ளே குதிரை நிற்கும். அதன் அரசன் அருகே காவலிருப்பான். மூலை வெண்கட்டமாயின், குதிரை நிற்கும் கட்டமும் வெண்மையே. எனவே வெண்கட்ட மந்திரியும் எதிரி அரசனுமே அதனைத் தாக்க வல்லவர். மற்றைய மந்திரி, குதிரை பாயக்கூடிய கருங்கட்டங்களைக் காக்கலாமேயன்றி, குதிரையைத் தீண்டவும் இயலாது. அரணை ஒருவாறு உடைத்தாலும் குதிரை வேறொரு மூலைக்கு ஓடி, அங்கே அதே அரணை மீண்டும் அமைத்துக்கொள்ளும் எனக் கருதப்பட்டது. ஆதலின் இது வெற்றி தோல்வியற்றது என்றே நூல்கள் உரைத்தன. பெரியோர் சொல்லைச் சோதியாது ஏற்கும் வழக்கம் சதுரங்கத்துக்கும் புறம்பானதன்று போலும்!

1983இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென் தொம்சன், முடிவிலிருந்து பின்னோக்கி எல்லா நிலைகளையும் கணினி கொண்டு ஆராய்ந்தார். சிற்சில விலக்குகள் நீங்கலாக மந்திரிகளே வெல்வர் என்பது தெளிவாயிற்று. குதிரையைக் கைப்பற்றவோ ஆட்டத்தை முடிக்கவோ மிகக் கடினமான நிலையில் 66 நகர்வுகள் வேண்டும்.

வெற்றியின் சூட்சுமம் யாது? சதுரங்கத்தில் முறை வந்தால் நகராதிருக்க உரிமை இல்லை. அரணுக்குள் இருப்போருக்கு நல்ல நகர்வு ஒன்றும் இல்லாதபடி செய்துவிட்டால், அவர்களே அதனைக் குலைக்க நேரும். பின்னர் குதிரை மற்றொரு மூலையை அடையுமுன் வழிமறிக்க வேண்டும். குதிரை பலகையின் ஓரத்தில், மூலைகளுக்கு நெருங்காது நிற்கையில், அதற்கு நேரெதிரே இரு கட்டங்களை இடைவிட்டு ஒரு மந்திரியை நிறுத்தினால், அதன் நான்கு பாய்ச்சல்களும் ஒருங்கே அடைபடும். ஒரே காய் செய்யும் இக்காவல் கண்டு மகிழத்தக்கது. குதிரை வீழ்ந்தபின், இரு மந்திரிகளும் அரசனும் சேர்ந்து 19 நகர்வுகளுக்குள் ஆட்டத்தை முடிக்கலாம்.

ஆயினும் ஒரு தடை உண்டு. காய் வெட்டப்படாமலும் காலாள் நகராமலும் இரு தரப்பினரும் ஐம்பது நகர்வுகள் ஆடிவிட்டால், சமநிலை கோரலாம் என்பது விதி. 1980களின் பிற்பகுதியில் இத்தகைய சில முடிவுகளுக்கு 75 நகர்வுகள் அனுமதிக்கப்பட்டன. 1992இல் அச்சலுகை நீங்கி, ஐம்பதே மீண்டும் பொது விதியாயிற்று. ஆகவே பலகையில் வென்றிருக்கும் நிலைகளுள் சில, விதியின்படி இன்றும் சமநிலையிலேயே முடியும்.